தோளில் நிற்கிற சால்வை

மூணாறு, தேவிகுளம், வட்டவடை, காந்தளூர் பக்கம் குளிர் இரண்டு வகை. டிசம்பர் கடைசியில் தொடங்கிப் பிப்ரவரி வரை இருப்பது காய்ந்த குளிர். செண்டுவரை, லட்சுமி எஸ்டேட் பக்கம் ஜனவரி விடியலில் புல்லின் மேல் வெள்ளையாக உறைபனி கிடக்கும். பத்து மணிக்கு வெயில் ஏறிவிட்டால் அதே இடத்தில் வியர்க்கும். ஜூனில் தென்மேற்குப் பருவமழையோடு வருவது ஈரக்குளிர். அதற்கு வெயில் என்ற விடுதலை கிடையாது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இதை மலையாளத்தில் 'தணுப்பு' என்பார்கள், வீட்டுக்கு வந்தால் 'குளிரு' என்பார்கள். எந்தப் பெயர் சொன்னாலும் முதலில் பிடிப்பது பிடரியையும் இரண்டு தோள்களையும்தான்.

இதற்கு ஸ்வெட்டர் அரைகுறைத் தீர்வு. வெயில் வந்ததும் தலைவழியாகக் கழற்ற வேண்டும், கழற்றினால் ஒரு மூட்டை. கம்பிளியோ போர்வை. 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, மழைக்கும் குளிருக்கும் குடை, கம்பிளி, மழைக்கோட்டு போன்றவற்றை முதலாளி தர வேண்டும் என விதி செய்ய மாநில அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. அந்தக் கம்பிளி படுக்க நல்லது. அதைப் போர்த்திக்கொண்டு கொழுந்து கிள்ள முடியாது. நீள்சதுரச் சால்வையும் அப்படித்தான்: ஒரு கை எப்போதும் அதைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அடுப்படியில் குனிந்தால் நுனி தோசைக்கல்லில் விழும்.

ஆக, தோளுக்கு மட்டும் என்று பின்னும் சின்னச் சால்வைக்கு ஒரே பரீட்சைதான். இரண்டு கையும் வேலையில் இருக்கும்போது அது தோளில் நிற்கிறதா? நூலின் நிறம், ஓட்டைப் பூ வேலை எல்லாம் அதற்குப் பிறகு. நிற்பதும் வழுக்குவதும் உருவத்தில் இருக்கிறது.

பிடரியில் தொடங்கிக் கீழ்நோக்கிப் பின்னும் சாதாரண முக்கோணச் சால்வையை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு இரண்டு வரிசைக்கும் நான்கு கண்ணி (ஊசியில் நிற்கும் வளையம்) கூட்டுவார்கள்: ஓரங்களில் ஒவ்வொன்று, முதுகுத்தண்டுபோல நடுவில் ஓடும் கண்ணியின் இருபுறமும் ஒவ்வொன்று. இரண்டு பக்கமும் நிட் (முன்னால் 'வி' போலத் தெரியும் கண்ணி) மட்டுமே போடும் கார்டர் பின்னலில் இரண்டு வரிசையின் உயரமும் ஒரு கண்ணியின் அகலமும் ஏறக்குறையச் சமம். அதனால் ஒவ்வொரு பாதியும் பிடரியில் 90 டிகிரி விரியும், இரண்டும் சேர்ந்தால் 180. அதாவது மேல் விளிம்பு அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல நேராக இருக்கும். கழுத்தும் தோளும் நேர்கோடு இல்லையே. கழுத்திலிருந்து தோள் சரிகிறது, பிறகு முன்பக்கம் வளைகிறது. நேர்கோட்டை அந்தச் சரிவில் போட்டால் பிடரியில் தூக்கி நிற்கும், தோளில் வழுக்கும், பத்து நிமிடத்தில் முழங்கைக்கு வந்துவிடும்.

குளிர்நாட்டுக்காரர்கள் இதற்கு வெவ்வேறு விடை வைத்திருக்கிறார்கள். வட அட்லாண்டிக்கில் உள்ள ஃபரோ தீவுச் சால்வையில் முதுகின் நடுவே ஒரு தனிப்பட்டை இருக்கும், தோள் வரும் இடத்தில் கண்ணிகளைக் குறைத்து ஒரு குழிவு கொடுப்பார்கள். பட்டாம்பூச்சி இறக்கை மாதிரி இருக்கும், ஊக்கு இல்லாமலே தோளில் உட்காரும். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 'சோன்டாக்' என்ற தோளாடை பரவலாக இருந்தது. ஹென்ரியேட்டா சோன்டாக் என்ற ஜெர்மன் பாடகியின் பெயர் அது. இரண்டு முனைகளையும் மார்பில் குறுக்காக இழுத்து, இடுப்பைச் சுற்றிப் பின்னால் கட்டிவிடுவது. எஸ்டேட் வேலைக்கும் அடுப்படிக்கும் இதைவிடப் பொருத்தமான யோசனை எனக்குத் தெரியவில்லை. கீழே சொல்லப்போவது இந்தக் கட்டும் முறையை எளிய முக்கோணத்தோடு சேர்த்தது.

மாற்றம் ஒன்றே ஒன்று: இரண்டு வரிசைக்கு நான்குக்குப் பதில் ஆறு கண்ணி. கூடுதல் இரண்டும் ஓரங்களுக்கு. அப்போது பிடரிக் கோணம் 180-லிருந்து ஏறக்குறைய 217 டிகிரி ஆகிறது. இறக்கைகள் நீண்டு, தாமாகவே முன்பக்கம் வளைந்து வரும். முதுகின் இறக்கம் கூடாமலே கட்டுவதற்கு நீளம் கிடைத்துவிடும்.

இனி நூல். கடையில் 'உல்லன்' என்று கேட்டால் தருவது பெரும்பாலும் அக்ரிலிக் என்ற செயற்கை நூல். லூதியானாவிலிருந்து வரும் உருண்டைகளில் ஆட்டு ரோமம் துளியும் இல்லாதவை நிறைய. சந்தேகம் இருந்தால் ஒரு விரற்கடை நீளம் வெட்டி, இடுக்கியில் பிடித்துத் தீக்குச்சி காட்டுங்கள். கம்பளி என்றால் முடி கருகும் வாடை அடிக்கும், நெருப்பை எடுத்ததும் தானே அணையும், சாம்பல் விரலில் பொடியாகும். அக்ரிலிக் உருகி எரியும், ஆறியதும் கறுப்பாகக் கெட்டி மணி ஒன்று மிச்சம் இருக்கும். இது விளையாட்டுச் சோதனை இல்லை. விறகடுப்பின் முன்னால் உட்கார்ந்து குளிர் காய்கிற வீட்டில், தொங்கும் குஞ்சம் வைத்த அக்ரிலிக் சால்வை ஆபத்து. உருகிய நூல் தோலில் ஒட்டும். அடுப்படிக்கு என்றால் கம்பளி, அதுவும் குஞ்சமில்லாமல்.

மழைக்காலத்தில் கணக்கு வேறு. கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டும் தொட்டால் நனைந்ததாகத் தெரியாது, சூடும் விடாது. ஆனால் ஒருமுறை முழுக்க நனைந்தால் ஜூலையில் காய நாள் கணக்காகும். அக்ரிலிக் நீரை உறிஞ்சுவதே இல்லை எனலாம், சீக்கிரம் காயும், விலையும் குறைவு. தினமும் துவைக்கிற வேலைச் சால்வைக்கு அக்ரிலிக் போதும். வீட்டுக்கும் பனிக்கும் கம்பளி.

தடிமன் 'டபுள் நிட்' என்று லேபிளில் இருக்கும் நடுத்தர நூல். இந்தச் சால்வைக்கு ஏறக்குறைய 120 கிராம் பிடிக்கும். 150 கிராம் வாங்குங்கள். ஒரே சாய எண் உள்ள உருண்டைகளாக எடுக்க வேண்டும். அடுத்த வாரம் உடுமலையிலோ போடியிலோ போய் 'இதே நிறம்' என்று வாங்கினால் பகல் வெளிச்சத்தில் பட்டை தெரியும்.

ஊசியில் ஒரு பொறி இருக்கிறது. நம் ஊர்க் கடைகளில் இன்னும் பழைய பிரிட்டிஷ் எண்தான் பேச்சு. அதில் எண் ஏற ஏற ஊசி மெலியும்: 10-ஆம் நம்பர் 3.25 மில்லிமீட்டர், 8 என்றால் 4, 7 என்றால் 4.5, 6 என்றால் 5. அமெரிக்க எண் நேர் எதிர்: அவர்களுடைய 8 என்பது 5 மில்லிமீட்டர், 6 என்பது 4. இணையத்தில் பார்த்த அமெரிக்கக் குறிப்பில் '8' என்று இருந்ததை நம்பி நம் கடையில் 8 வாங்கினால், சால்வை பலகைபோல விறைத்து, அளவும் சுருங்கிப் போகும். மில்லிமீட்டர் கேட்டு வாங்குங்கள். நீலகிரியில் கேத்தி பக்கம் செய்யப்படும் போனி ஊசிகளில் அளவு பொறித்திருக்கும். இங்கே வேண்டியது 4.5 மில்லிமீட்டர், நடுவில் வளையும் கம்பி உள்ள வட்ட ஊசி, 80 சென்டிமீட்டர் நீளம். வட்டமாகப் பின்னுவதற்காக அல்ல. கடைசியில் 309 கண்ணி வரும், நேர் ஊசியில் அத்தனையும் நெருங்கி நுனியில் நழுவும். எடையும் மணிக்கட்டில் விழும்.

ஏன் கார்டர் பின்னல்? ஒரு பழைய பனியனை எடுத்துப் பாருங்கள். திருப்பூர் பனியன் துணியும் இதே கண்ணிகள்தான், இயந்திரம் போட்டது. வெளிப்புறம் சின்னச் சின்ன 'வி' வரிசையாகத் தெரிவது நிட், உட்புறம் மேடு மேடாக இருப்பது பர்ல். ஓரத்தைக் கத்தரித்தால் உடனே சுருண்டுகொள்ளும். ஒருபக்கம் நிட், மறுபக்கம் பர்ல் என்று பின்னும் எந்தத் துணிக்கும் அந்தக் குணம் உண்டு, சால்வை ஓரமும் பாய்போலச் சுருளும். இரண்டு பக்கமும் நிட் போட்டால் சுருளாது. மேடும் பள்ளமுமாகக் காற்று தங்கும், அந்தக் காற்றுதான் சூடு. இரண்டு வரிசைக்கு ஒரு மேடு எழும். அதை இனி வரப்பு என்று சொல்கிறேன், எண்ணுவதற்கு வசதி.

முதலில் 24 கண்ணியில் 24 வரப்பு பின்னி, நனைத்துக் காயவைத்து அளக்க வேண்டும். நடுவில் 10 சென்டிமீட்டருக்கு 18 கண்ணி, 18 வரப்பு இருந்தால் சரி. 20 கண்ணி வந்தால் உங்கள் கை இறுக்கம். அப்படியே பின்னினால் முதுகு இறக்கம் 39 சென்டிமீட்டருக்குப் பதில் 35 ஆகும், ஊசியைப் பெரிதாக்குங்கள். 16 வந்தால் 44 ஆகும், நூலும் கூடப் பிடிக்கும்.

தொடக்கம்: 3 கண்ணி ஏற்றி 6 வரிசை நிட். மூன்று வரப்புள்ள ஒரு குட்டித் துண்டு வரும். துண்டைத் திருப்பாமல் கால்வட்டம் சாய்த்து, அதன் நீள ஓரத்தில் வரப்புக்கு ஒன்றாக 3 கண்ணி எடுக்கவும், பிறகு ஆரம்பத்தில் ஏற்றிய ஓரத்தில் 3. ஊசியில் மொத்தம் 9. இது கைவராதவர்கள் நேரடியாக 9 கண்ணி ஏற்றித் தொடங்கலாம், பிடரியில் ஒரு சின்னப் புடைப்பு தெரியும், அவ்வளவுதான். திரும்பி ஒரு வரிசை கூட்டாமல் நிட். ஐந்தாவது கண்ணி மட்டும் பர்ல், அதுதான் முதுகுத்தண்டு. இப்போது கணக்கு: ஓரம் 3, இறக்கை 1, தண்டு 1, இறக்கை 1, ஓரம் 3. தண்டுக் கண்ணியில் ஓர் ஊக்கு மாட்டிக்கொள்ளுங்கள்.

கூட்டுவதற்கு நூல்சுற்று: நூலை இரண்டு ஊசிகளுக்கும் நடுவே முன்னால் கொண்டுவந்து, வலது ஊசியின் மேலாகப் பின்னால் போட்டு, அடுத்த கண்ணியை நிட் போடுவது.

முன்பக்க வரிசை: 3 நிட், நூல்சுற்று, தண்டு வரை நிட், நூல்சுற்று, தண்டு 1 நிட், நூல்சுற்று, கடைசி 3 வரை நிட், நூல்சுற்று, 3 நிட். நான்கு கூடும்.

பின்பக்க வரிசை: 3 நிட், நூல்சுற்று, தண்டு வரை நிட், தண்டு 1 பர்ல், கடைசி 3 வரை நிட், நூல்சுற்று, 3 நிட். இரண்டு கூடும்.

இந்த இரண்டும் சேர்ந்து ஒரு வரப்பு. இதையே 50 முறை. முதல் வரப்பு முடிந்ததும் 15 கண்ணி, பத்தாவதில் 69, ஐம்பதாவதில் 309. வரப்பு எண்ணை ஆறால் பெருக்கி ஒன்பது கூட்டினால் மொத்தம். அதைவிட உதவுவது இறக்கைக் கணக்கு: வரப்பு எண்ணை மூன்றால் பெருக்கி ஒன்று கூட்டினால் ஓர் இறக்கையின் கண்ணி. பத்தாவது வரப்பில் இந்தப் பக்கம் 31, அந்தப் பக்கம் 29 என்றால், எந்த இறக்கையில் கோளாறு என்று உடனே தெரிந்துவிடும்.

ஓட்டை பிடிக்காதவர்கள், அடுத்த வரிசையில் நூல்சுற்றை அதன் பின்கால் (ஊசிக்குப் பின்னால் உள்ள பாதி) வழியாக நிட் போட்டால் முறுக்கி மூடிக்கொள்ளும். தண்டின் இருபுறமும் இப்படி மூடுவது நல்லது, முதுகில் காற்று புகாது. ஓரத்தில் மூடாதீர்கள், அங்கே இளக்கம் வேண்டும்.

அந்த ஓரம்தான் இந்தச் சால்வையின் உயிர்நிலை. ஆறு கண்ணிக் கணக்கில் மேல் விளிம்பு ஒவ்வொரு வரப்புக்கும் 1.2 சென்டிமீட்டருக்கு மேல் நீள வேண்டும். கார்டர் பின்னல் இயல்பாகத் தருவதோ வரப்புக்கு 0.55. மீதியை விளிம்புக் கண்ணிகள் சாய்ந்தும் நீண்டும் ஈடுகட்ட வேண்டும். கை கொஞ்சம் இறுகினாலும் விளிம்பு சுருக்குக் கயிறுபோலப் பிடித்துக்கொள்ளும். இறக்கை விரியாது, பிடரியில் மடிப்பு விழும், நனைத்து இழுத்தாலும் மறுநாள் பழையபடி ஆகும். 'குறிப்பில் உள்ளபடிதான் பின்னினேன், உருவம் வரவில்லை' என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்.

செய்யக்கூடாதது ஒன்று: வரிசையின் முதல் கண்ணியைப் பின்னாமல் ஊசி மாற்றும் பழக்கம். ஸ்வெட்டருக்கு ஓரம் அழகாகச் சங்கிலிபோல வரும் என்று கற்றுக்கொடுப்பார்கள். அந்தச் சங்கிலியில் இரண்டு வரிசைக்கு ஒரே வளையம், நீளவே நீளாது. இங்கே முதல் கண்ணியையும் பின்னியே ஆக வேண்டும். செய்ய வேண்டியது ஒன்று: ஒவ்வொரு வரிசையிலும் முதல் கண்ணியைப் போட்டதும் கூடுதலாக ஒரு நூல்சுற்று. திரும்பி வரும்போது அதைப் பின்னாமல் ஊசியிலிருந்து நழுவ விட்டுவிடுவது. அந்தத் தளர்ந்த நூல் விளிம்புக்குப் போய்ச் சேரும். நழுவப்போகும் இந்தச் சுற்று கண்ணிக் கணக்கில் சேராது. முதல் பத்து வரப்பு இதற்கே கவனம் போகும், பிறகு கை பழகிவிடும். காகிதக் கணக்கில் பிடரியிலிருந்து இறக்கை நுனி வரை 62 சென்டிமீட்டர். கையில் இதைவிடச் சற்றுக் குறையும், விளிம்பு மெல்லப் பிறைபோல வளையும். தோளுக்கு அந்த வளைவு நல்லதுதான்.

மற்ற தவறுகள் சில்லறை. கார்டர் பின்னலில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரிவதால், பின்பக்கத்திலும் தண்டில் கூட்டிவிடுவது அடிக்கடி நடக்கும். முன்பக்கத்தின் வலது ஓரத்தில் ஒரு சிவப்பு ஊக்கு குத்திவைத்தால் தீர்ந்தது. பின்பக்கத்தில் ஓர நூல்சுற்றை மறந்தால், அடுத்த வரிசையில் அதே இடத்தில் இரண்டு கண்ணிக்கு நடுவே உள்ள குறுக்கு நூலைத் தூக்கி ஊசியில் போட்டுக்கொள்ளலாம், பிரிக்க வேண்டாம். பத்து வரப்புக்கு ஒருமுறை, தையல்நூலை மழுங்கிய ஊசியில் கோத்து எல்லாக் கண்ணி வழியாகவும் ஓட்டி விட்டுவைத்தால், உருவிப் பிரிக்க நேர்ந்தால் அந்த நூலில் வந்து நிற்கும். அடுத்த உருண்டையை முடிச்சுப் போட்டு இணைக்காதீர்கள். கம்பளி என்றால் இரண்டு நுனியையும் பிரித்து ஒன்றின் மேல் ஒன்று வைத்து, எச்சில் தொட்டு உள்ளங்கையில் தேய்த்தால் ஒன்றாகிவிடும். அக்ரிலிக் அப்படி ஒட்டாது, ஏழெட்டுக் கண்ணியை இரண்டு நூலையும் சேர்த்துப் பின்ன வேண்டும்.

நூல் எங்கே தீரும் என்பதில் பலர் ஏமாறுவார்கள். வரிசை நீண்டுகொண்டே போவதால் பாதி வரப்பில் பாதி நூல் போகாது. 25-ஆம் வரப்பில் கால்வாசிதான் செலவாகியிருக்கும், 35-ஆம் வரப்பில்தான் பாதி. கடைசிப் பத்து வரப்புகள் மட்டும் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுங்கும், நேரமும் அப்படியே. 40-ஆம் வரப்பில் சமையலறைத் தராசில் மிச்ச நூலை நிறுத்துப் பாருங்கள். கடைசிப் பக்கம் ஒரு வரப்புக்கு 4 முதல் 5 கிராம் போகும். முடிக்கவும் நாடாவுக்கும் 12 கிராம் ஒதுக்க வேண்டும். பற்றாது என்று தெரிந்தால் அங்கேயே வேறு நிறத்துக்கு மாறிவிடலாம். கீழே ஆறு வரப்பு கரும்பச்சையோ மரூனோ வந்தால் வேண்டுமென்றே செய்தது மாதிரிதான் இருக்கும்.

பள்ளிப் பிள்ளைக்கு 36 வரப்பு போதும்: 225 கண்ணி, முதுகில் 28 சென்டிமீட்டர், நூல் பாதி. அகன்ற தோளுக்கு 58 வரப்பு: 357 கண்ணி, முதுகில் 45 சென்டிமீட்டருக்குச் சற்று மேல், நூல் 160 கிராம்.

முடிக்கும்போது ஓரம் 3 கண்ணியை ஊக்கில் மாட்டி வைத்துவிட்டு, நடுவில் உள்ள 303 கண்ணியை மட்டும் மூடவும், அதாவது பிரியாதபடி ஊசியிலிருந்து இறக்கி முடிக்கவும். ஊசி 5.5 மில்லிமீட்டருக்கு மாற வேண்டும். அதே ஊசியில் மூடினால் கீழ் விளிம்பு இறுகி, சால்வை பைபோல உள்ளே மடங்கும். ஒன்றைத் தாண்டி ஒன்றை இழுத்துப்போடும் வழக்கமான முறையைவிட, இரண்டு கண்ணியைப் பின்கால் வழியாகச் சேர்த்து நிட், வந்த கண்ணியை இடது ஊசிக்கே திருப்பி மறுபடி இரண்டைச் சேர்த்து நிட் என்று போவது நன்றாக நீளும். மிச்சமிருக்கும் கடைசி 3 கண்ணிதான் நாடா. மூன்றையும் நிட் போட்டுத் திருப்பாமல், ஊசியின் மறுமுனைக்குத் தள்ளி, நூலைப் பின்னால் இழுத்து மறுபடி 3 நிட். இப்படியே போனால் உருண்டையான கயிறு இறங்கும். 50 சென்டிமீட்டர் வேண்டும். ஊக்கில் உள்ள 3 கண்ணியிலும் இதே வேலை. இறக்கைகளை மார்பில் குறுக்காக விட்டு, நாடாவைப் பின்னிடுப்பில் கட்டினால் குனிந்தாலும் கூடை எடுத்தாலும் அசையாது. தேயிலைச் செடிக்குள் போட்டுக்கொண்டு போவதாக இருந்தால் ஓட்டைப் பூ வேலை வேண்டாம், கவாத்துக் குச்சி ஒவ்வொன்றும் ஒரு கண்ணியை இழுக்கும்.

கம்பளியை வெதுவெதுப்பான நீரில் இருபது நிமிடம் ஊறவிட்டு, கசக்காமல் பிழியாமல் எடுத்து, பழைய வேட்டியில் சுருட்டி மிதித்து நீரை வாங்கவும். கசக்கினால் ரோமம் ஒன்றோடொன்று பின்னிச் சுருங்கும், அதை மீட்க வழியில்லை. பாயில் விரித்து, மேல் விளிம்பை வளைவாக இழுத்து, அங்குலத்துக்கு ஓர் ஊசி குத்திக் காயவிட்டால் உருவம் நிற்கும். அக்ரிலிக்கை நனைத்து இழுத்துப் பயனில்லை, சூடு பட்டால்தான் படியும். நீராவி இஸ்திரிப்பெட்டியைத் துணிக்கு மேலே மூன்று சென்டிமீட்டர் தூக்கிப் பிடித்து ஆவி மட்டும் காட்டுங்கள். பெட்டி தொட்டால் நூல் உயிரிழந்து துவண்டுவிடும், மேடும் பள்ளமும் போய்ச் சூடும் போகும்.

ஈரத்தோடு கொடியில் தொங்கவிட்டால் நீரின் எடையே முதுகை ஒரு சாண் இழுத்துவிடும். மழை மாதங்களில் அடுப்புக்கு மேலே பரணில் கிடத்திக் காயவைப்பவர்கள் நாடாவின் முடிச்சை அவிழ்த்துப் போட வேண்டும். முடிச்சுக்குள் ஈரம் தங்கினால் மற்றதெல்லாம் காய்ந்த பிறகும் அந்த இடம் மட்டும் பூஞ்சை வாடை அடிக்கும்.